கழிப்பறை இருக்கையில் விடாப்பிடியாக நிற்கும் கறைகள்: வீட்டில் உள்ள பொருள்களால் நீக்க முடியுமா?

மாடிவீடு எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். சென்னையின் தெற்குப் புறநகரில், ஆழ்துளைக் கிணற்று நீரை மட்டுமே நம்பியிருக்கும் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்புக்கு அண்மையில் வாடகைக்கு வந்திருக்கிறோம். வீடு காற்றோட்டமாக இருக்கிறது. ஆனால் வெஸ்டர்ன் டாய்லெட்டின் வெள்ளை பிளாஸ்டிக் இருக்கை, கடைகளில் சீட் கவர் என்று கேட்டால் தருவார்களே அந்தப் பகுதி, முன்பு குடியிருந்தவர்கள் காலத்திலிருந்தே கறை படிந்து கிடக்கிறது. இருக்கையைத் தூக்கினால் அடிப்பக்கத்தில் மஞ்சளும் பழுப்புமாக ஒரு படலம் ஒட்டியிருக்கிறது. பின்புறம் திருகாணி இறங்கும் இடத்திலிருந்து செம்பழுப்பு நிறத்தில் ஒரு கோடு பீங்கான் விளிம்பு வரை வழிந்திருக்கிறது. உட்காரும் மேற்பரப்பில் வெளிறிய நீலச் சாயல் ஒன்றும் தெரிகிறது.

சோப்புத் தூள் போட்டுத் தேய்த்துப் பார்த்தேன், மூன்றும் அசையவில்லை. வீட்டில் கைக்குழந்தையும், ஆஸ்துமா உள்ள மாமியாரும் இருப்பதால் கடும் நெடி அடிக்கும் எதையும் பயன்படுத்த விருப்பமில்லை. இருக்கையை மாற்றித் தருமாறு வீட்டு உரிமையாளரிடம் கேட்டதற்கு, கழுவினால் போய்விடும் என்று சொல்லிவிட்டார். சமையலறையிலும் மருந்துப் பெட்டியிலும் இருக்கும் பொருள்களைக் கொண்டு இவற்றை நீக்க வழி இருந்தால் சொல்லுங்கள்.

அடுக்களைத்தோழி எழுதியது:

வணக்கம் சகோதரி. ஆப்ப சோடாவை இருக்கையின் மேல் தாராளமாகத் தூவி, அதன் மேல் வெள்ளை வினிகரை மெல்ல ஊற்றுங்கள். நுரைத்துப் பொங்கும். கால் மணி நேரம் விட்டு, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவிவிடுங்கள். என் வீட்டுப் பாத்திரம் துலக்கும் தொட்டியை நான் இப்படித்தான் சுத்தம் செய்கிறேன். நெடி அதிகம் இல்லை, குழந்தை இருக்கும் வீட்டுக்கும் ஏற்றது.

பழைய கரும்பலகை எழுதியது:

தோழி சொன்ன இரண்டு பொருள்களும் நல்ல பொருள்களே. ஆனால் அவற்றை ஒன்றாகச் சேர்ப்பதைப் பற்றி, பள்ளியில் வேதியியல் கற்பித்தவன் என்ற முறையில் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 5 சதவீத வினிகர் 100 மில்லியில் ஏறத்தாழ 5 கிராம் அசெட்டிக் அமிலம் இருக்கிறது. அதை முழுவதும் செயலிழக்கச் செய்ய 7 கிராம் ஆப்ப சோடா, அதாவது ஒன்றரைத் தேக்கரண்டி போதும். தாராளமாகத் தூவிய சோடாவின் மேல் வினிகரை ஊற்றும்போது அமிலம் கறையைத் தொடுவதற்கு முன்பே சோடா அதைத் தீர்த்துவிடுகிறது. கரியமில வாயு நுரையாகப் போய்விட, மிஞ்சுவது சோடியம் அசெட்டேட் கரைந்த தண்ணீரும் கொஞ்சம் சோடாவும் மட்டுமே. நுரை தளர்ந்த அழுக்கைச் சற்றே தூக்கிவிடக்கூடும். உப்புப் படிவத்தையோ துருவையோ கரைக்கும் வலு அதற்கு இல்லை.

ஆகவே எதைப் பூசுவது என்பதற்கு முன், கறை எது என்று பார்த்துக்கொள்ளுங்கள் அம்மா. இருக்கையை உலரவிட்டு, கறையின் மேல் விரல் நகத்தை மெல்ல இழுத்துப் பாருங்கள். மேடு தட்டினால் அது மேலே வந்து படிந்த பொருள், அமிலத்துக்குக் கரையக்கூடியது. வழுவழுப்பாக இருந்து நிறம் மட்டும் தெரிந்தால் அது பிளாஸ்டிக்குக்குள் இறங்கிய சாயம். அதற்கு அமிலம் பயன்படாது. பிறகு ஒரு டார்ச் விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். மெல்லிய கீறல்கள் வலைபோலத் தெரிந்து, அவற்றுக்குள் நிறம் தங்கியிருந்தால், அது முன்பு யாரோ பச்சை நாராலோ கம்பி நாராலோ தேய்த்ததன் விளைவு.

நீங்கள் விவரித்ததை வைத்துச் சொன்னால் உங்கள் மூன்று கறைகளும் மூன்று வகை. அடிப்பக்கத்து மஞ்சள் படலம் சிறுநீர் உப்பு. சிறுநீரில் உள்ள யூரியாவைப் பாக்டீரியாக்கள் சிதைக்கும்போது அம்மோனியா உண்டாகிறது. அதனால் காரத்தன்மை ஏறி, கால்சியம், மெக்னீசியம் பாஸ்பேட்டுகள் கரைசலிலிருந்து பிரிந்து படிகின்றன. கழுவும் தண்ணீரும் கடின நீராக இருந்தால் அதிலுள்ள சுண்ணாம்பும் இந்தப் படிவத்தோடு சேர்ந்து இறுகிவிடும். சோப்பு காரமானது என்பதால் இதைத் தொடாது, மெல்லமிலம் தொடும். திருகாணிக்குக் கீழே வழிந்திருப்பது இரும்புத் துரு; அதற்கும் அமிலமே, ஆனால் இரும்பைப் பற்றிக்கொள்ளும் அமிலமாக இருக்க வேண்டும். அந்த வகையில் வினிகரைவிடச் சிட்ரிக் அமிலம் மேலானது. நீலச் சாயல் பெரும்பாலும் புது ஜீன்ஸ் துணியிலிருந்து இறங்கிய சாயம்.

மளிகைக் கடையில் லெமன் சால்ட் என்று கேட்டால் கிடைக்கும் சிட்ரிக் அமிலப் படிகத்தை வாங்கிக்கொள்ளுங்கள். நெடி கிடையாது. கால் லிட்டர் வெதுவெதுப்பான நீரில் இரண்டு மேசைக்கரண்டி கரைத்தால் ஏறத்தாழ 10 சதவீதக் கரைசல் கிடைக்கும். வினிகரைப் போல இரு மடங்கு செறிவு. முதலில் இருக்கையைச் சோப்பு நீரால் நன்றாகக் கழுவித் துடைத்துவிடுங்கள், ஏனென்றால் தலைக்கும் உடம்புக்கும் பூசும் எண்ணெயின் மெல்லிய படலம் கறையின் மேல் இருந்தால் அமிலம் வழுக்கிக்கொண்டு போய்விடும். பிறகு பழைய வேட்டித் துணியைக் கரைசலில் நனைத்துக் கறையின் மேல் ஒட்டி வையுங்கள். ஒரு மணி நேரமாவது ஊற வேண்டும். துணி காயாமல் அவ்வப்போது நனைத்துக்கொண்டிருக்க வேண்டும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், கண்ணில் தெறித்தால் கடுமையாக எரியும்.

சுத்தம் எழுதியது:

தங்கும் விடுதி ஒன்றில் துப்புரவுப் பணியை மேற்பார்வை செய்கிறேன். ஆசிரியர் ஐயா சொல்வது சரியாக இருக்கலாம், ஆனால் எங்களுக்கு ஒரு மணி நேரம் காத்திருக்க நேரமிருக்காது. கழிப்பறைக்கென்றே விற்கும் திரவங்களில் ஏறத்தாழ 10 சதவீதம் ஹைட்ரோகுளோரிக் அமிலம் இருக்கிறது. பீங்கான் கோப்பையில் ஊற்றிச் சில நிமிடங்கள் விட்டுத் தேய்த்தால் உப்பும் துருவும் ஒன்றாகக் கழன்றுவிடும். பீங்கான் பளபளப்பை அது ஒன்றும் செய்வதில்லை. வீட்டுக்காரர்களும் அதையே அளவோடு பயன்படுத்தலாமே.

பழைய கரும்பலகை எழுதியது:

பீங்கானுக்கு நீங்கள் சொல்வதை மறுக்கவில்லை. இருக்கை பீங்கான் இல்லை என்பதுதான் சிக்கல். சந்தையில் பரவலாக இருப்பவை இரண்டு வகை. ஒன்று பாலிபுரொப்பிலீன், இலேசானது, வளையும். மற்றொன்று யூரியா ஃபார்மால்டிஹைடு; கனமானது, தட்டினால் பீங்கான்போல ஒலிக்கும், வளைத்தால் உடையும். இரண்டாவது வகை வலுவான அமிலத்தில் நெடுநேரம் இருந்தால் மெருகை இழந்துவிடும், அதன் பிறகு அது எல்லாக் கறைகளையும் உறிஞ்சத் தொடங்கும். இருக்கையைக் கழற்றி ஒரு பெரிய வாளி நீரில் போட்டுப் பார்த்தால் எந்த வகை என்று தெரிந்துவிடும்: முதலாவது மிதக்கும், இரண்டாவது மூழ்கும்.

மேலும் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தின் ஆவி அருகிலுள்ள எஃகுக் குழாயையும் திருகாணியையும் அரிக்கும். தரையில் சிந்தினால் மொசைக்கையும் டைல்ஸ் இடுக்கிலுள்ள சிமெண்டையும் தின்னும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஆஸ்துமா உள்ள ஒருவர் இருக்கும் வீட்டில் அந்த ஆவி வேண்டவே வேண்டாம்.

சுத்தம் எழுதியது:

ஏற்றுக்கொள்கிறேன் ஐயா. எங்கள் ஊழியர்களிடமும் திரவத்தைக் கோப்பைக்குள் மட்டுமே ஊற்ற வேண்டும், இருக்கையைத் தனித் துணியால் துடைக்க வேண்டும் என்றுதான் சொல்கிறோம். வாடகை வீட்டுக்குச் சிட்ரிக் அமிலமே போதும்.

குழாய்க்கரம் எழுதியது:

அம்மா, எதைப் பூசுவதானாலும் முதலில் சீட் கவரைக் கழற்றிவிடுங்கள். இருந்த இடத்தில் வைத்துத் தேய்ப்பவர்கள் பின்பக்கக் கீல் இடுக்கை எட்டவே முடியாது, வாடையும் கறையும் குடியிருப்பதே அங்குதான். கோப்பையின் பின்புறம் கீழே கையை விட்டால் இரண்டு நட்டுகள் தட்டுப்படும். பிளாஸ்டிக் நட்டு என்றால் கையாலேயே இடப்பக்கமாகத் திருகலாம். கூடவே சுற்றிக்கொண்டு வந்தால் மேலிருந்து திருகாணியின் தலையை ஸ்குரூடிரைவரால் பிடித்துக்கொள்ளுங்கள். இரும்பு நட்டு துருப்பிடித்து இறுகியிருந்தால் தேங்காய் எண்ணெய் சில சொட்டு விட்டு இரவு முழுவதும் ஊறவிட்டு, மறுநாள் ஸ்பேனர் போட்டு மெல்ல அசைத்துப் பாருங்கள். சுத்தியலால் தட்டவே கூடாது. பீங்கானில் துளையைச் சுற்றி மயிரிழை விரிசல் விழுந்தால் கோப்பையையே மாற்ற வேண்டியதாகிவிடும். சில புது மாடல்களில் கீலின் பக்கத்தில் ஒரு பொத்தான் இருக்கும். அழுத்திக்கொண்டு தூக்கினால் கையோடு வந்துவிடும்.

இன்னொன்று. செம்பழுப்புக் கோடு திருகாணி இருக்கும் இடத்திலிருந்து தொடங்குகிறது என்றால், கறை தண்ணீரால் வந்ததன்று, அந்த இரும்புத் திருகாணியே துருப்பிடித்து வழிகிறது. அதை அப்படியே மாட்டினால் எவ்வளவு துடைத்தாலும் சில வாரங்களில் கோடு திரும்ப வந்துவிடும். ஹார்டுவேர் கடையில் சீட் கவர் போல்ட்டு என்று கேட்டு, துருப்பிடிக்காத எஃகிலோ பிளாஸ்டிக்கிலோ ஒரு ஜோடி வாங்கிப் போடுங்கள்.

கழற்றிய இருக்கையை மொட்டைமாடிக்கோ பால்கனிக்கோ கொண்டுபோய்ச் சுத்தம் செய்தால் வீட்டிலிருப்பவர்களுக்கும் தொந்தரவில்லை.

யாழ்முற்றம் எழுதியது:

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். எங்கள் குடாநாடு முழுவதும் சுண்ணக்கல் பாறையின் மேல் இருப்பதால் கிணற்றுத் தண்ணீர் மிகவும் கடினமானது. கேத்தலின் அடியில் வெள்ளைப் படிவம் பாளம் பாளமாகக் கட்டுவதைப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாங்கள். மலசலகூட இருக்கையிலும் நீர் தெறித்துக் காய்ந்த இடமெல்லாம் அதே வெள்ளை. இதற்கு நாங்கள் தேசிக்காயைத்தான், அதாவது எலுமிச்சையைத்தான், நம்பியிருக்கிறோம். சாறு பிழிந்த பாதித் தோலை எறியாமல், அதையே கறையின் மேல் வைத்து உரசினால், தோலின் உட்புறம் மெத்தென்று இருப்பதால் பிளாஸ்டிக்கில் கீறல் விழாது, சாறும் வேண்டிய இடத்திலேயே நிற்கும். தடித்த படிவத்துக்கு வினாகிரியில் (வினிகரில்) தோய்த்த துணியைச் சுற்றிவைத்து, அது காயாதபடி மேலே ஒரு பொலித்தீன் பையைக் கட்டிவிடுவோம். காலையில் தேங்காய் நாரால் தேய்த்தால் செதிள் செதிளாக உரிந்து வரும்.

சிட்ரிக் அமிலக் கரைசலையும் இவ்வாறு பையால் மூடிவைத்தால், நனைத்துக்கொண்டேயிருக்க வேண்டிய வேலை மிச்சம்.

தோவாளைத்தோட்டம் எழுதியது:

குமரி மாவட்டத்தில் எங்கள் கொல்லையில் பிலிம்பிக்காய் என்னும் புளிப்புக்காய் மரம் நிற்கிறது. பித்தளை விளக்குகளையும், சட்டையில் பட்ட துருக்கறையையும் அதைத் தேய்த்தே போக்குவோம். கழிப்பறை இருக்கையின் துருவுக்கும் அதைப் பயன்படுத்தலாமா? புளியும் அப்படித்தானே பித்தளைக்கு உதவுகிறது?

பழைய கரும்பலகை எழுதியது:

நல்ல கேள்வி. பிலிம்பிக்காயில் ஆக்சாலிக் அமிலம் மிகுதியாக உள்ளது. துருவைக் கரைத்து இரும்பைத் தன்னோடு பிணைத்துக்கொள்வதில் அது சிட்ரிக் அமிலத்தையும் விஞ்சும். ஆகவே காய் கிடைக்கிறவர்கள் குறுக்கே வெட்டித் துருக்கோட்டின் மேல் தேய்த்து, அரை மணி நேரம் விட்டுக் கழுவலாம். கடையில் தனியாக விற்கும் ஆக்சாலிக் அமிலத் தூளை மட்டும் கைக்குழந்தை உள்ள வீட்டில் வாங்கி வைக்காதீர்கள்; அது வயிற்றுக்குள் போனால் நஞ்சு.

புளியில் இருப்பது டார்டாரிக் அமிலம். பித்தளைக்கு மிக நன்று. ஆனால் புளிக்கரைசலின் பழுப்பு நிறமே கீறல் விழுந்த வெள்ளை பிளாஸ்டிக்கில் தங்கிவிடக்கூடும் என்பதால் இந்த வேலைக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

துருவைப் பற்றிப் பேசும்போதே மிக முக்கியமான ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். துருக்கறைக்குப் பிளீச்சிங் போடும் வழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. பிளீச்சிங் ஆக்சிஜனேற்றம் செய்யும் பொருள். துருவோ ஏற்கெனவே ஆக்சிஜனேற்றம் அடைந்த இரும்பு. ஆகவே கறை போகாது. தண்ணீரில் கரைந்திருக்கும் நிறமற்ற இரும்பையும் அது துருவாக மாற்றிக் கறையை மேலும் அழுத்தமாக்கும்.

மருந்தறை எழுதியது:

இந்த இழையைப் படித்தபோது, எங்கள் மருத்துவமனையிலிருந்து வீடு திரும்புகிறவர்கள் அடிக்கடி கேட்கும் ஒன்று நினைவுக்கு வந்தது. மூலநோய் அறுவைக்குப் பிறகும் பிரசவத்துக்குப் பிறகும் இருக்கையின் மேல் ஒரு தொட்டியை வைத்து, வெந்நீரில் மருந்து கலந்து உட்காரச் சொல்வார்கள். மருந்து பெர்மாங்கனேட் என்றால், சிந்திய இடத்தில் ஊதாவாகத் தொடங்கிப் பழுப்பாக மாறி நிற்கும். அதைச் சோப்பால் கழுவ முடியாது. அந்தப் பழுப்பு மாங்கனீசு டைஆக்சைடு. மருந்துக் கடையில் 6 சதவீதம் என்று போட்டுக் கிடைக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடையும் அதே அளவு எலுமிச்சைச் சாற்றையும் கலந்து, பஞ்சால் தொட்டு வைத்தால் கண்ணெதிரிலேயே பழுப்பு கரைந்து வெளுத்துவிடும். இவ்விரண்டையும் அந்த நேரத்துக்கு வேண்டிய அளவு மட்டும் கலந்து, மீந்ததை நிறைய நீர் விட்டுக் கொட்டிவிட வேண்டும். புட்டியில் அடைத்து வைக்கக் கூடாது.

மருந்து போவிடோன் அயோடின் என்றால் வைட்டமின் சி மாத்திரை ஒன்றைத் தூளாக்கி, சிறிது நீரில் குழைத்துப் பூசுங்கள். அயோடின் நிறமற்ற அயோடைடாக மாறிவிடுவதால் கறை சில நொடிகளில் மறையும். நிறம் சேர்க்காத மாத்திரை கிடைத்தால் நல்லது. ஆரஞ்சு நிற மாத்திரையானாலும் கழுவினால் போய்விடும்.

மஞ்சள் பூசிக் குளிக்கும் வீடுகளில் இருக்கையின் மேல் மஞ்சள் கறையும் விழுவதுண்டு. அதன் மேல் சோப்புப் பட்டால் காரத்தால் சிவந்து காட்டும். பயப்பட வேண்டாம், எலுமிச்சைச் சாறு பட்டால் மஞ்சளுக்குத் திரும்பிவிடும். கழற்றி வெயிலில் வைத்தால் மஞ்சளின் நிறப்பொருள் தானாகவே மங்கிப் போகும்.

மாடிவீடு எழுதியது:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. குழாய்க்கரம் ஐயா சொன்னபடி இருக்கையைக் கழற்றினேன். இரும்பு நட்டு எண்ணெயில் ஊறிய பிறகு அசைந்து கொடுத்தது. திருகாணியின் கழுத்துப் பகுதி பாதிக்கு மேல் துருவாகவே இருந்தது. வாளியில் போட்டபோது இருக்கை மிதந்ததால் பாலிபுரொப்பிலீன் என்று தெரிந்துகொண்டேன்.

மாடியில் வைத்துச் சோப்பால் கழுவி உலர்த்தி, சிட்ரிக் அமிலக் கரைசலில் நனைத்த துணியைப் போர்த்தி, யாழ்முற்றம் சொன்னவாறு பையால் மூடிவைத்தேன். திறந்து பார்த்தபோது அடிப்பக்கத்து மஞ்சள் படலம் ஊறிய சோற்றுப் பருக்கைபோல நெகிழ்ந்திருந்தது. பழைய ஏடிஎம் அட்டையின் ஓரத்தால் நெம்பியதும் சிறு சிறு செதிள்களாக எழும்பி வந்தது. துருக்கோட்டின் மேல் கிடந்த துணி இளமஞ்சளாக மாறியிருந்தது. கோட்டின் நடுப்பகுதி அழுத்தமாக இருந்ததால் அங்கே மட்டும் புதிய துணியைப் போட்டு மீண்டும் ஊறவைத்த பிறகு அதுவும் அகன்றுவிட்டது. பீங்கான் விளிம்பில் வழிந்திருந்த பகுதிக்கும் அதே முறை பலித்தது.

நீலச் சாயல் மட்டும் கரைசலுக்கு அசையவில்லை. நகத்துக்கு வழுவழுப்பாகவே இருக்கிறது. டார்ச் விளக்கில் பார்த்தால் நீங்கள் சொன்ன கீறல் வலை தெரிகிறது. தவிர, இருக்கையின் அடியில் ஒட்டியிருக்கும் சிறிய ரப்பர் புஷ்களைச் சுற்றிக் கரும்புள்ளிகளும், கீல் இடுக்கில் இளஞ்சிவப்பு வழுவழுப்பும் இருக்கின்றன. இவற்றுக்கு என்ன செய்வது?

பழைய கரும்பலகை எழுதியது:

நீலத்துக்கு மருந்துக் கடையில் கிடைக்கும் சர்ஜிகல் ஸ்பிரிட்டோ, கைகழுவப் பயன்படும் ஆல்கஹால் சானிடைசரோ போதும். பஞ்சில் நனைத்து ஒரே திசையில் துடையுங்கள். பஞ்சு நீலமாவதைப் பார்க்கலாம். நிறம் ஏறிய பஞ்சை உடனுக்குடன் மாற்றுங்கள், இல்லாவிட்டால் எடுத்த சாயத்தையே திரும்பப் பூசிக்கொண்டிருப்போம். எரியக்கூடிய பொருள் என்பதால் அருகில் விளக்கோ ஊதுபத்தியோ இருக்கக் கூடாது. மிஞ்சும் சாயலின் மேல் ஹைட்ரஜன் பெராக்சைடில் நனைத்த துணியைப் போட்டு, மேலே பையைச் சுற்றி, சில மணி நேரம் வெயிலில் வைத்துப் பாருங்கள். நகப்பூச்சு நீக்கியை மட்டும் எடுக்காதீர்கள். பாலிபுரொப்பிலீன் அதைத் தாங்கும், ஆனால் மேலே பூச்சுள்ள இருக்கைகளிலும் வேறு சில பிளாஸ்டிக்குகளிலும் மேற்பரப்பையே இளக்கிவிடும்.

கரும்புள்ளி பூஞ்சை. இளஞ்சிவப்பு வழுவழுப்பு பெரும்பாலும் செராஷியா மார்செசென்ஸ் என்ற பாக்டீரியா. சோப்புப் படலமும் ஈரமும் இருக்குமிடத்தில் வளரும். இவை இரண்டுக்கும்தான் பிளீச்சிங் சரியான மருந்து. கடையில் கிடைக்கும் பிளீச்சிங் திரவம் ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து, தொட்டுப் பூசி, பத்து நிமிடம் விட்டுக் கழுவினால் போதும். வெந்நீர் வேண்டாம், பச்சைத் தண்ணீரே போதும்.

ஆனால் இருக்கையில் சிட்ரிக் அமிலம் சிறிதும் மிஞ்சியிருக்கக் கூடாது. பிளீச்சிங்குடன் எந்த அமிலம் சேர்ந்தாலும், அது எலுமிச்சைச் சாறாகவோ வினிகராகவோ இருந்தாலும், குளோரின் வாயு வெளிப்படும். கதவு சாத்திய சிறிய கழிப்பறையில் அது நலமாக உள்ளவர்களுக்கே நுரையீரலைப் புண்ணாக்கும், ஆஸ்துமா உள்ளவர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். சிறுநீர் படிந்த இடத்தில் நேரே பிளீச்சிங் ஊற்றினாலும் அம்மோனியாவோடு சேர்ந்து குளோரமின் எனும் எரிச்சலூட்டும் வாயு உண்டாகும். ஸ்பிரிட்டோடும் பெராக்சைடோடும்கூடச் சேர்க்கக் கூடாது. அமில வேலையை ஒரு நாளும் பிளீச்சிங் வேலையை வேறொரு நாளும் வைத்துக்கொண்டு, நடுவில் ஓடும் நீரில் இருக்கையை நன்றாக அலசிவிடுங்கள் என்று வற்புறுத்திச் சொல்கிறேன்.

சுத்தம் எழுதியது:

ஆசிரியர் கடைசியாக எழுதியதை ஒவ்வொரு கழிப்பறைக் கதவிலும் ஒட்டிவைக்க வேண்டும். புதிதாக வேலைக்குச் சேர்பவர்கள் இரண்டு திரவத்தையும் சேர்த்தால் இரண்டு மடங்கு வெளுக்கும் என்று எண்ணிக்கொண்டு வருகிறார்கள். நாங்கள் முதல் நாள் சொல்லித்தரும் பாடமே இதுதான். இன்னொரு நடைமுறைச் செய்தி: கழிவுநீர் செப்டிக் டேங்குக்குப் போகிற வீடுகளில் பிளீச்சிங்கை அடிக்கடி, அதிகமாக ஊற்றினால் தொட்டியில் கழிவைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் பாதிக்கப்படும். புள்ளி உள்ள இடத்தில் மட்டும் தொட்டுப் பூசுங்கள்.

அடுக்களைத்தோழி எழுதியது:

ஆசிரியர் ஐயாவின் விளக்கத்தைப் படித்த பிறகு ஒன்று கேட்கத் தோன்றுகிறது. அப்படியானால் இந்த வேலையில் ஆப்ப சோடாவுக்கு இடமே இல்லையா? தேய்த்தால் பளிச்சென்று ஆவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேனே.

பழைய கரும்பலகை எழுதியது:

இடம் உண்டு, நீங்கள் பார்த்ததும் உண்மைதான். ஆப்ப சோடாவின் படிகம் மென்மையானது; சிறிது நீர் விட்டுச் சட்னிப் பதத்துக்குக் குழைத்துத் துணியால் தேய்த்தால் எண்ணெய்ப் பிசுக்கையும் மேலோட்டமான அழுக்கையும் கீறாமல் எடுக்கும், வாடையையும் குறைக்கும். அமில வேலை முடிந்து, கழுவிய பிறகு, கடைசியாக அதைத் தேய்த்தால் எங்கேனும் ஒட்டியிருக்கும் அமிலமும் தீர்ந்துவிடும். வெள்ளைப் பற்பசையும் இதே வேலையைச் செய்யும். ஜெல் வகை வேண்டாம். பச்சை நார், கம்பி நார், மணல் கலந்த தூள் ஆகியவற்றை பிளாஸ்டிக்கின் பக்கமே கொண்டுபோகாதீர்கள். அவை இடும் கீறலில்தான் அடுத்த கறை குடியேறுகிறது.

மாடிவீடு எழுதியது:

கரும்புள்ளிகளும் இளஞ்சிவப்பும் போய்விட்டன. ரப்பர் புஷ்களைக் கழற்றிப் பார்த்தபோது அவற்றின் அடியிலும் மஞ்சள் உப்பு வளையமாகப் படிந்திருந்தது. வாடைக்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். நீலச் சாயல் ஸ்பிரிட்டுக்கு மிகவும் குறைந்துவிட்டது. கீறல்களுக்குள் மட்டும் பக்கத்தில் போய்ப் பார்த்தால் தெரிகிறது. என் மாமியார் பால்கனிக்கு வந்து பார்த்துவிட்டு, புதிதாக வாங்கினாயா என்று கேட்டார்கள்.

இனி இரண்டு கேள்விகள். தண்ணீரே கறைக்குக் காரணமா என்று வீட்டிலேயே அறிய முடியுமா? மீண்டும் படியாமல் இருக்க என்ன செய்யலாம்?

பழைய கரும்பலகை எழுதியது:

மோட்டார் ஓடும்போது புதிதாக வரும் தண்ணீரை ஒரு வெள்ளை வாளியில் பிடித்து இரவு முழுவதும் அசையாமல் வையுங்கள். பிடிக்கும்போது தெளிவாக இருந்த நீர் காலையில் மஞ்சளித்து, அடியில் செம்மண் நிறத்தில் தூள் இறங்கியிருந்தால் இரும்பு இருக்கிறது. லிட்டருக்கு 0.3 மில்லிகிராமைத் தாண்டினாலே துணியிலும் கழிப்பறைப் பீங்கானிலும் இரும்புக் கறை பிடிக்கத் தொடங்கும் என்று உலக சுகாதார நிறுவனம் குறிப்பிடுகிறது. கடினத்தன்மையை அறிய, ஒரு பாட்டிலில் பாதி நீரும் சில சொட்டுச் சோப்பு நீரும் விட்டுக் குலுக்குங்கள். டிடர்ஜென்ட் வேண்டாம், குளிக்கும் சோப்பைக் கரைத்துக்கொள்ளுங்கள். நுரை எழாமல் வெண்மையாகத் திரிந்தால் நீர் கடினமானது. குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயத்தில் மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு நீராதாரம் இல்லாத நிலையில் 600 வரை அனுமதிக்கலாம் என்று இருக்கிறது. அந்த மேல் எல்லையை நெருங்கும் நீர் தெறித்துக் காயுமிடமெல்லாம் வெள்ளை படியும்.

தடுப்பதற்குப் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. கறை தண்ணீரில் இல்லை, தண்ணீர் காய்ந்து விட்டுப்போகும் உப்பில் இருக்கிறது. ஆகவே இரவில் கடைசியாகப் பயன்படுத்துபவர் இருக்கையின் மேலும் அடியிலும் ஒரு உலர்ந்த துணியால் துடைத்துவிட்டாலே பெரும்பகுதி நின்றுவிடும். வாரம் ஒருமுறை, ஒரு தேக்கரண்டி சிட்ரிக் அமிலத்தை ஒரு டம்ளர் நீரில் கரைத்துத் துணியால் ஒற்றி, ஐந்து நிமிடம் கழித்துக் கழுவிவிடுங்கள். படிவம் இறுகுவதற்கு முன் எடுப்பதற்கு அவ்வளவு மெல்லிய கரைசலே போதும்.

தோவாளைத்தோட்டம் எழுதியது:

பிலிம்பிக்காயை வெட்டித் தேய்த்துப் பார்த்தேன், துருக்கோடு போய்விட்டது. ஆனால் எங்கள் இருக்கை முழுவதுமே ஒரே சீராக மஞ்சளித்திருக்கிறது. சன்னல் வெயில் விழும் பக்கம் இன்னும் அழுத்தம். சிட்ரிக் அமிலம், சோடா, பெராக்சைடு எதற்கும் பெரிதாக மாறவில்லை. இது என்ன கறை?

பழைய கரும்பலகை எழுதியது:

அது கறை இல்லை, பிளாஸ்டிக்கே முதுமையடைந்திருக்கிறது. வெயிலின் புற ஊதாக் கதிரும் காற்றும் சேர்ந்து மேற்பரப்பை மாற்றிவிட்டன. பெராக்சைடும் வெயிலும் சிலவகை பிளாஸ்டிக்குகளைத் தற்காலிகமாக வெளுக்கச் செய்யும். மஞ்சள் திரும்பி வரக்கூடும், மேற்பரப்பும் நொறுங்கும் தன்மையடையலாம். இதற்குமேல் அதோடு போராடுவதில் பயனில்லை. மாற்றிவிடுவதே நல்லது.

குழாய்க்கரம் எழுதியது:

மாற்றுவதென்றால் கடைக்குப் போவதற்கு முன் மூன்று அளவு எடுத்துக்கொள்ளுங்கள்: பீங்கானில் உள்ள இரண்டு துளைகளின் நடுவிலிருந்து நடுவுக்கு உள்ள இடைவெளி, துளைகளிலிருந்து கோப்பையின் முன்விளிம்பு வரை நீளம், கோப்பையின் அதிகபட்ச அகலம். வட்டம், முட்டை வடிவம், சதுரம் என்று மாடலுக்கு மாடல் மாறும் என்பதால், பழைய சீட் கவரையே கழுவி ஒரு பையில் போட்டு எடுத்துச் சென்றால் கடைக்காரர் பொருத்திப் பார்த்துக் கொடுப்பார். சாதாரண வகை சில நூறு ரூபாயிலேயே கிடைக்கும். மாட்டும்போது ரப்பர் வாஷரை பீங்கானுக்கும் நட்டுக்கும் நடுவே போட மறக்காதீர்கள். நட்டைக் கையால் இறுக்கும் அளவே போதும், ஸ்பேனர் வேண்டாம். ஒரு வாரம் உட்கார்ந்து எழுந்த பிறகு சற்றே தளர்ந்திருக்கும், அப்போது இன்னொரு கால் சுற்று கொடுத்துவிடுங்கள்.

மாடிவீடு எழுதியது:

நானும் பழைய இரும்புத் திருகாணிகளை விட்டுவிட்டு, எஃகு போல்ட்டுகள் வாங்கி மாட்டிவிட்டேன். வாஷரும் கூடவே கொடுத்தார்கள். இப்போதைக்குப் புது இருக்கை தேவைப்படவில்லை.